அமரில்லிஸ் கிழங்கைக் கொஞ்சம் காயவிடுங்கள்

கேள்வி: ஐயா, நான் கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடியில் 11-ஆவது மாடியில் இருக்கிறேன். போன வருடம் சீனப் பெருநாளுக்கு முன்பு மூன்று அமரில்லிஸ் கிழங்கு வாங்கினேன், ஒவ்வொன்றும் 38 ரிங்கிட். ஒன்று சிவப்பு மெழுகில் முக்கியது. மூன்றும் அட்டகாசமாகப் பூத்தன. அப்புறம் இரண்டில் இலைதான் வருகிறது, இரண்டடிக்கு வளர்ந்து தொங்குகிறது. மெழுகுக் கிழங்கு சுருங்கிக்கொண்டே போகிறது. கடைக்காரர் கொடுத்த ‘பூ உரம்’ இரண்டு பாட்டில் ஊற்றிவிட்டேன். பினாங்கில் அம்மா வீட்டு வாசலில் இதே செடி யாரும் கவனிக்காமலே வருடா வருடம் பூக்கிறது. நான் என்ன உரம் போட வேண்டும்? ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

பதில்: பூக்க வைக்க எந்த உரமும் இல்லை அம்மா. மூன்றாவது பாட்டில் வாங்கிவிடாதீர்கள்.

நீங்கள் பார்த்த முதல் பூ உங்கள் வீட்டில் உருவான பூவே இல்லை. அந்தக் கிழங்கு பெரும்பாலும் நெதர்லாந்திலிருந்து வருவது. அங்கேயே சில வருடம் வளர்ந்து, மொட்டை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் கப்பலேறுகிறது. வெறும் தண்ணீர் ஊற்றினாலும் பூக்கும், ஊற்றாவிட்டாலும் பூக்கும். மெழுகுக் கிழங்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் மேசைமேல் உட்கார்ந்து பூக்கவில்லையா? அது தெரிந்துதான் விற்கிறவர்களும் விற்கிறார்கள், பூத்து முடிந்து நீங்கள் கவலைப்படும் நேரத்தில் பாட்டிலை நீட்டுகிறார்கள்.

மெழுகுக் கிழங்கைப் பற்றி ஒரே வார்த்தை: தூக்கிப்போடுங்கள். அடியில் வேரை ஒட்ட நறுக்கி, நிற்பதற்குக் கம்பி குத்தி, மூச்சுவிட முடியாமல் மெழுகு பூசியது. ஒரு தடவை பூத்துச் சாவதற்கென்றே செய்த சாமான். அதைக் கிழங்கு விலைக்கு விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மற்ற இரண்டுக்கு நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: கிழங்கு பூக்கும் அளவுக்குப் பருத்திருக்கிறதா? ஒரு நூலை எடுத்து அதன் இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். 20 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் இந்த வருடம் பூவை மறந்துவிடலாம். இலை இரண்டடிக்குத் தொங்குகிறது என்கிறீர்கள், அது செழிப்பு இல்லை, வெயில் போதவில்லை என்று அர்த்தம். காலை வெயில் நாலைந்து மணி நேரம் படும் இடத்துக்குச் சட்டியை மாற்றுங்கள். ஏறக்குறைய நாலு இலைக்கு ஒரு மொட்டு என்ற கணக்கில் கிழங்கு உள்ளே உருவாக்கும், அது வெளியே வரக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகும். அதனால் பச்சை இலையை அழகுக்காக வெட்டக் கூடாது. உரம் இந்தக் கட்டத்தில்தான், அதுவும் கடையில் கிலோவாகக் கிடைக்கும் நீல என்பிகே (தழை, மணி, சாம்பல் சத்து) உரம், 12-12-17, மாதம் அரைத் தேக்கரண்டி போதும். சட்டிக்குப் போடும் மண், சுட்ட மண்ணும் உமிக்கரியும் கலந்தது. சுங்கை பூலோ நர்சரிகளில் கேட்டுப் பாருங்கள். கிழங்கின் மேல் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். முழுக்கப் புதைத்தால் கழுத்தில் தண்ணீர் நின்று அழுகும்.

சரி, கிழங்கு பருத்தாகிவிட்டது. இப்போது தண்ணீரை நிறுத்துங்கள். பாதி நிறுத்துவது இல்லை, முழுக்க. எட்டு முதல் பத்து வாரம். இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். இலை மஞ்சளாவதைப் பார்த்ததும் மனசு கேட்காமல் ஒரு குவளை ஊற்றிவிடுவார்கள், அதுவரை காயப்போட்டதெல்லாம் வீண். (என் வீட்டிலும் நடந்தது. நான் வெளியூர் போயிருந்தபோது மனைவி பாவம் பார்த்து ஆறு சட்டிக்கும் தண்ணீர் விட்டாள். ஆறிலும் இலை வந்தது, பூ ஒன்றுகூட இல்லை.) 11-ஆவது மாடியில் மழை சாய்வாக அடிக்கும், எனவே சட்டியைச் சுவரோரம் அப்படியே படுக்க வைத்துவிடுங்கள். நனையாது, உங்கள் கையும் தண்ணீர்க் குவளைக்குப் போகாது.

அம்மா வீட்டில் இருப்பது இதே செடி இல்லை என்றே நினைக்கிறேன். பூ சிறியதாக, ஆரஞ்சுச் சிவப்பில், நடுவில் வெளிர்பச்சை நட்சத்திரம் போல இருந்தால், அது நம் சூட்டுக்குப் பழகிய பழைய வெப்பமண்டல வகை. அதற்கும் இப்படிக் காய்வது தேவைதான், ஆனால் பினாங்கில் ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைந்து வானமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஃபிரிட்ஜ்? ஹாலந்து ரகங்கள் கேட்பது 13 டிகிரி அளவுக் குளிர். கோலாலம்பூரில் ராத்திரிகூட 23, 24-க்குக் கீழே இறங்குவது அபூர்வம், அதனால் வெறுமனே காயவைத்தால் சில கிழங்கு மசியாது. ஆனால் ஃபிரிட்ஜோ அதைவிட ரொம்பக் குளிர். முதல் வருடம் காயவைத்துப் பாருங்கள். பிடிவாதமாக இருந்தால் மட்டும், இலை முழுக்கக் காய்ந்த கிழங்கை மண் தட்டி, நாளிதழில் சுற்றி, காய்கறித் தட்டில் ஆறு வாரம். ஆப்பிள், வாழைப்பழம் பக்கத்தில் இருக்கவே கூடாது, பழம் விடும் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். வெங்காயம் என்று நினைத்து யாரும் நறுக்கிவிடாதபடி மேலே எழுதியும் வையுங்கள், இது விஷம். வீட்டில் பூனை, நாய் இருந்தாலும் கவனம்.

கறுப்பு உடம்பில் மஞ்சள் வெள்ளைப் பட்டை போட்ட புழு வந்தால் மருந்து தேடிக்கொண்டிருக்காதீர்கள், அன்றே கையால் பொறுக்குங்கள். இரண்டு ராத்திரியில் கழுத்து வழியாகக் கிழங்குக்குள் இறங்கிவிடும்.

காயவைத்து முடிந்ததும் ஒரு தடவை நன்றாக நனைத்துவிட்டு, என்ன எட்டிப் பார்க்கிறது என்று கவனியுங்கள். மழுங்கலாக, தடித்த நுனி என்றால் பூந்தண்டு. மொட்டில் நிறம் தெரிந்ததும் சட்டியை ஹாலுக்குள் கொண்டுவந்துவிடுங்கள், வெயில் படாவிட்டால் பூ கூடுதல் நாள் நிற்கும்.

அடுத்த முறை பினாங்கு போகும்போது அம்மா வாசலில் பக்கக்கன்று இரண்டு தோண்டிக்கொண்டு வாருங்கள். 38 ரிங்கிட்டும் மிச்சம், ஃபிரிட்ஜும் வேண்டாம்.