மலைப்பாதைக்கு சைக்கிள் வாங்குகிறீர்களா? கேள்வி-பதில்

கேள்வி: கொல்லிமலையில் சைக்கிளில் ஏற வேண்டும் என்பது பல நாள் ஆசை. பதினைந்தாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கடையில் குண்டு டயர், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், 21 கியர் என்று ஒரு வண்டியைக் காட்டி, 'மலைக்கு இதுதான் சார்' என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், ராசிபுரம்)

பதில்: வேண்டாம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. முழுக்கத் தார்ச்சாலை. மணலிலும் சேற்றிலும் புதையாமல் ஓடுவதற்காக வந்த குண்டு டயருக்கு அங்கே வேலையே கிடையாது. அப்படிப்பட்ட வண்டி பதினேழு, பதினெட்டு கிலோ இருப்பது சாதாரணம். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் உள்ள மலைக்கு அந்த எடையை நீங்கள்தான் மிதித்துத் தூக்கிப் போக வேண்டும். முன்பக்க ஸ்பிரிங் ஃபோர்க்கும் அப்படித்தான். மலிவு வண்டிகளில் அது எடையைக் கூட்டுமே தவிர வேறெதற்கும் உதவாது.

'21 கியர்' என்ற ஸ்டிக்கரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குனிந்து பல்லை எண்ணுங்கள். பெடலோடு சுற்றும் செயின்வீல்களில் மிகச் சிறியதில் எத்தனை பல், பின்னால் ஃப்ரீவீலில் மிகப் பெரியதில் எத்தனை பல் என்று பாருங்கள். பின்னால் இருப்பது முன்னால் இருப்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால்தான் அது மலை ஏறும் வண்டி. முன்னால் 24, பின்னால் 28 என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்றுக்கும் கொஞ்சம் குறைவாகவே சுற்றும். கால் தாங்கும். கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் முன்னால் 44, பின்னால் 18 இருந்தால், ஒரு மிதிக்குச் சக்கரம் இரண்டரைச் சுற்றை நெருங்கும். அதை வைத்து முதல் சில வளைவுகளிலேயே இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

இது ஏன் முக்கியம் என்றால், நாம் சாலையின் இடது ஓரமாக ஏறுகிறோம். வளைவு இடப்பக்கம் திரும்பும்போது அதன் உள்விளிம்பு நமக்கு வரும். சாலை மிகச் செங்குத்தாக இருப்பது அந்த ஏழெட்டு மீட்டரில்தான். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது அங்கே வண்டி நின்றுவிட்டால் கால் ஊன்றக்கூட நேரம் இருக்காது. மிதிக்க மிக லேசான அந்தச் சின்ன கியர் தேவைப்படுவது அந்த இடத்தில்.

உங்கள் பட்ஜெட்டில் ஹைப்ரிட் வகை வண்டி கேளுங்கள். டயர் நடுத்தர அகலம், ஃபோர்க் ஸ்பிரிங் இல்லாதது, முன்னால் மூன்று செயின்வீல். ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக் போதுமா என்றால், போதும். மலிவான கேபிள் டிஸ்க்கைவிடச் சரியாக வைத்த வி-பிரேக் மேல். ஆனால் இறங்கும்போது பிரேக்கை அமுக்கிக்கொண்டே வரக் கூடாது. ரிம் சூடேறினால் டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைந்ததும் விடுங்கள். ஐந்தாறு வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம் ஆறட்டும். பழைய பிரேக் கட்டையோடு இறங்கவே வேண்டாம்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 'பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறோம்' என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏன் என்பது அடுத்த கேள்வியில் இருக்கிறது.

கேள்வி: ஆன்லைனில் கியர் சைக்கிள் வாங்கினேன். பெட்டியில் பாதி பிரித்து வந்தது, தெருமுனைக் கடையில் கொடுத்து மாட்டினேன். ஏற்காடு ஏறும்போது இடது பெடல் கழன்று விழுந்துவிட்டது. மாட்டியவர் தவறு, வாரண்டி கிடையாது என்கிறார்கள். (வாசகி, சேலம்)

பதில்: இடது பெடலின் மரை தலைகீழ். வலது பெடல் எல்லா போல்ட்டையும் போல வலப்பக்கம் சுற்றினால் இறுகும், இடது பெடலை இடப்பக்கம் சுற்ற வேண்டும். அது தெரியாமல் ஸ்பேனர் போட்டு முறுக்கினால் கிராங்கின், அதாவது பெடல் மாட்டும் கம்பியின், மரை போய்விடும். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது, ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்ததும் கழன்றுவிடும். பெடலின் அச்சு முனையில் 'எல்', 'ஆர்' எழுத்துகள் இருக்கும், பாருங்கள். ஒருவேளை இரண்டையும் மாற்றி மாட்டியிருக்கலாம்.

அப்படியென்றால் உங்களுக்கு உரிமை இல்லையா? இருக்கிறது. மாட்டும் விதத்தைப் பற்றித் தெளிவான குறிப்பு பெட்டியில் இருந்ததா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் அதுவே உங்கள் வலுவான வாதம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, சரியான பயன்பாட்டுக் குறிப்பு தராததற்கும் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. கிராங்கைப் படம் எடுத்து விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது மின்வணிக விதி. நடக்கவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். மாட்டிய கடையிலும் கூலிக்கு ஒரு ரசீது வாங்கியிருந்தால் அவரையும் கேட்கலாம்.

கேள்வி: போடி பக்கம் மலை நடைப்பயணம், இரண்டு நாள், தலைக்கு 2,500 ரூபாய் என்று வாட்ஸ்அப் குழுவில் அழைக்கிறார்கள். பர்மிஷன் பற்றிக் கேட்டால் 'அதை நாங்க பாத்துக்கறோம்' என்கிறார்கள். (வாசகர், மதுரை)

பதில்: பணம் கட்டாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று அதே போடி பக்கத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, நடக்கப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றைக்கும் அனுமதி பற்றிய கேள்விதான் பிறகு எழுந்தது. இன்று வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 நடைபாதைகளை ஆன்லைன் முன்பதிவோடு திறந்தது. வழிகாட்டியாக வருபவர்கள் பெரும்பாலும் அந்தந்த மலைக்காரர்கள், பழங்குடி இளைஞர்கள். நம் பணம் அவர்கள் வீட்டுக்குப் போவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுவார்கள், அந்தச் சமயத்தில் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். தனியாரோடுதான் போவேன் என்றால் வனத்துறை அனுமதிச் சீட்டின் நகல், ரத்தானால் பணம் எப்போது திரும்பும் என்பது, இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பைக் ஹெல்மெட் வீட்டில் இருக்கிறது. சைக்கிளுக்கும் அதுவே போதாதா? (வாசகர், ஜோலார்பேட்டை)

பதில்: ஏலகிரியின் 14 வளைவுகளும் உங்களுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். போதாது. அது கனம், காற்றோட்டம் இல்லை. மெதுவாக ஏறும்போது தலை வெந்துவிடும், பாதி வழியில் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிடுவீர்கள், இறங்கும்போது மறுபடி போடத் தோன்றாது. சைக்கிளுக்கென்றே செய்ததை வாங்குங்கள். உள்ளே 'இஎன் 1078' (ஐரோப்பியத் தரம்) அல்லது 'சிபிஎஸ்சி' (அமெரிக்கத் தரம்) என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஐஎஸ் 4151 என்ற இந்தியத் தர முத்திரை மோட்டார் வண்டிக்கானது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறலே தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். அதனால்தான் பழைய ஹெல்மெட்டை யாரிடமும் விலைக்கு வாங்கக் கூடாது.