வாசகர் கேள்வி-பதில்: கோடை முகாமும் பதினொன்றாம் வகுப்புப் பிரிவும்

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறான். எங்கள் ஊரில் ஒரு தனியார் பயிற்சி மையம் ஐந்து நாள் கோடை முகாம் நடத்துகிறது. பதினைந்து தொழில்களை அறிமுகப்படுத்துவதாகவும், கைரேகையைப் பரிசோதித்து எந்தத் துறை பொருந்தும் என்று எழுதித் தருவதாகவும் சொல்கிறார்கள். கட்டணம் எட்டாயிரம் ரூபாய். அந்தப் பணத்தில் பத்தாம் வகுப்பு டியூஷனுக்கு அனுப்பலாம் என்கிறார் என் கணவர். என்ன செய்யலாம்?
- வாசகி, நாமக்கல்

பதில்: கைரேகையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. விரல் ரேகையைக் கொண்டு அறிவுத்திறனையோ தொழில் நாட்டத்தையோ கணிக்க முடியும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கட்டணத்தில் ஒரு பகுதி அதற்காக வாங்கப்படுகிறது என்றால் அந்தப் பகுதி வீண்.

முகாமுக்கு அனுப்பலாமா என்பது வேறு கேள்வி. காலத்தைப் பொறுத்தவரை நீங்கள் சரியான கோடையில்தான் கேட்டிருக்கிறீர்கள். பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளியான சில நாள்களுக்குள் பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. கணிதம் இல்லாத அறிவியல் பிரிவை எடுத்தால் பொறியியலுக்கான வழி பெரும்பாலும் அடைபடுகிறது. உயிரியல் இல்லாமல் கணினி அறிவியல் பிரிவுக்குப் போனால் மருத்துவமும் கால்நடை மருத்துவமும் தொலைவுக்குப் போய்விடுகின்றன. பதினொன்றாம் வகுப்பு முடித்த பிறகு முகாமுக்குப் போய் ஆசையைக் கண்டுபிடிக்கிற பிள்ளைகளுக்கு அந்த ஆசையை என்ன செய்வதென்றே தெரிவதில்லை.

ஆனால் ஐந்து நாளில் பதினைந்து தொழில் என்றால் நாளொன்றுக்கு மூன்று. அதாவது ஒரு மண்டபத்தில் மூன்று சொற்பொழிவுகள். பணம் கட்டும் முன் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள். பேச வருகிறவர்கள் அந்தத் தொழிலை இன்றும் செய்துகொண்டிருப்பவர்களா, கல்லூரிகளின் சேர்க்கைப் பிரிவிலிருந்து வருபவர்களா என்று விசாரியுங்கள். கடைசி நாளில் சான்றிதழோடு ஒரு கல்லூரியின் விண்ணப்பப் படிவமும் கைக்கு வரும் என்றால், அது ஆள்சேர்ப்பு. அதற்கு நீங்கள் எட்டாயிரம் தர வேண்டியதில்லை, அவர்கள் இலவசமாகவே செய்வார்கள்.

உங்கள் ஊரில் இருந்துகொண்டு இதற்குப் பணம் கொடுக்க வேண்டுமா என்றும் எனக்குத் தோன்றுகிறது. லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள், கோழிப்பண்ணைகள், தீவன ஆலைகள், கால்நடை மருத்துவக் கல்லூரி என எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. தெரிந்தவர் மூலம் பண்ணைக் கால்நடை மருத்துவர் ஒருவருடன் ஒரு காலைப்பொழுது இருக்க அனுமதி கேளுங்கள். வெளியார் வருகையைப் பண்ணைகள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொண்டாலும் கிருமிநாசினித் தொட்டியில் கால் நனைத்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். முதல் வேலையே இரவில் இறந்த கோழிகளை அறுத்து, ஈரலையும் குடலையும் பார்த்து, நோய் பரவுகிறதா என்று அறிவதாக இருக்கலாம். நாய்க்குட்டியைக் கொஞ்சுவதுதான் கால்நடை மருத்துவம் என்று எண்ணியிருக்கும் பையன் அங்கே முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் கூடும், ஈரலில் இருக்கும் புள்ளி எதனால் என்று கேட்கவும் கூடும். இரண்டில் எது நடந்தாலும் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது உங்களுக்கு உதவும். கேட்கிறவனாக இருந்தால் இதையும் சொல்லி வையுங்கள்: தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பான பி.வி.எஸ்சி.யின் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் நீட் மதிப்பெண்ணைக் கொண்டல்ல, பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்படுகின்றன.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், டியூஷன் ஓராண்டு முழுக்க இருக்கப்போகிறது. ஐந்து நாளில் அது ஓடிப்போகாது.

கேள்வி: என் மகள் கிராம ஊராட்சிப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ராக்கெட் என்றால் உயிர். கட்டணம் இல்லாத முகாம் ஏதேனும் உண்டா?
- வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: உண்டு. இஸ்ரோ 2019-இல் தொடங்கிய ‘யுவிகா’ என்ற இளம் விஞ்ஞானி திட்டம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கானது. கோடை விடுமுறையில் ஏறத்தாழ இரண்டு வாரம் இஸ்ரோ மையம் ஒன்றில் தங்க வைத்து, விஞ்ஞானிகளுடன் பேசவும் ஆய்வகங்களைப் பார்க்கவும் வாய்ப்பளிக்கிறார்கள். பயணம், தங்குமிடம், உணவு மூன்றையும் இஸ்ரோவே ஏற்கிறது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில், வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், இணையத்தில் விண்ணப்பம் வரும். இஸ்ரோவின் இணையதளத்தை அப்போது மறவாமல் பாருங்கள்.

நீங்கள் இப்போதே கேட்டது நல்லதாயிற்று. தேர்வு முறையில் மிகுந்த எடை பெறுவது எட்டாம் வகுப்பு மதிப்பெண்தான். இணைய வினாடி வினா, அறிவியல் கண்காட்சிப் பங்கேற்பு, சாரணர் இயக்கம், விளையாட்டு ஆகியவற்றுக்கும் மதிப்பெண் உண்டு; ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படிப்பதற்கே தனி முன்னுரிமை தருகிறார்கள். அதனால் பள்ளி அளவிலான கண்காட்சியாக இருந்தாலும் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். நாடு முழுவதிலிருந்தும் சில நூறு பேரையே எடுக்கிறார்கள் என்பதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் எடுத்த என் தம்பி, முகாம் ஒன்றில் வழக்கறிஞர் பேச்சைக் கேட்டுவிட்டு, சட்டம் படிப்பேன் என்கிறான். பிரிவு தடையாகுமா?
- வாசகர், திருச்சி

பதில்: தடையில்லை. ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வுக்கும் அப்படியே. ஆனால் மேடையில் பேசிய வழக்கறிஞரை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நீதிமன்ற விசாரணைகள் பொதுவாகத் திறந்த அரங்கில் நடப்பவை. அறிமுகமான வழக்கறிஞர் ஒருவருடன் தம்பியை இரண்டு மூன்று நாள் அனுப்பி வையுங்கள். மே மாதத்தில் உரிமையியல் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை என்பதால் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லுங்கள். காலையில் வழக்குகளை வரிசையாக அழைத்து ஒன்றன்பின் ஒன்றாக வாய்தா போடுவதைப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்த பிறகும் ஆசை மாறாவிட்டால், கிளாட் பாடத்திட்டத்தை வாங்கிக் கொடுங்கள்.