சங்கு ஊதிய பிறகும் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றுப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் வீட்டில் ‘நம்ம ஷாப்’ என்றுதான் பேச்சு. கூடத்தில் ஊட்டி ரயில் எஞ்சின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். பேரனை அழைத்துக்கொண்டு ரயில் அருங்காட்சியகத்துக்கு மாதம் ஒருமுறை போகிறார். இதே மனிதர் 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டவர். செப்டம்பர் 5 வந்தால் சங்கத் திடலில் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்தப் போகிறவர். எதிர்த்துப் போராடிய இடத்தின் மேல் இத்தனை பற்று எப்படி? சம்பளம் கொடுத்தவனுக்கு ஆயுள் முழுக்க நன்றி சொல்லும் அடிமை மனம்தானே இது? நான் மென்பொருள் துறையில் மூன்று நிறுவனங்கள் மாறிவிட்டேன். எதையும் திரும்பிப் பார்த்ததில்லை.

க., திருச்சி

அன்புள்ள க.,

‘நம்ம ஷாப்’ என்பதில் உள்ள ‘நம்ம’வைத்தான் நீங்கள் கவனிக்கவில்லை. அடிமை ‘எஜமானருடைய ஷாப்’ என்றுதான் சொல்வான்.

யாருக்கு நன்றி சொல்கிறார் என்கிறீர்கள்? நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனையைப் பொன்மலைக்கு மாற்றியது லண்டனில் பதிவான தென்னிந்திய ரயில்வே கம்பெனி. 1944இல் அது அரசின் கைக்குப் போனது. 1951இல் தெற்கு ரயில்வே பிறந்தது. பெயர்ப்பலகை மாறியது, முதலாளி மாறினார், சட்டதிட்டம் மாறியது. மாறாமல் காலையில் சங்கு ஊதியதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வாசலுக்குள் நுழைந்தவர்கள் தொழிலாளர்கள்தான். பாத்தியதை என்று பார்த்தால் அப்பாவின் பக்கம்தான் வலுவாக இருக்கிறது.

போராட்டமும் பற்றும் ஒன்றோடொன்று முரண்படுவதாக நினைக்கிறீர்கள். அந்த இடத்தின் வரலாறே போராட்டத்தோடு பிறந்ததுதான். ஆட்குறைப்பை எதிர்த்து 1928இல் தென்னிந்திய ரயில்வே முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. அதற்காகப் பொதுவுடைமைத் தலைவர் சிங்காரவேலர் சிறை சென்றார். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். கல்யாணசுந்தரம், அனந்த நம்பியார் போன்ற தலைவர்கள் அந்த ரயில்வே தொழிலாளர் சங்கத்தில் உருவானவர்கள். எஞ்சினை மட்டும் பாரம்பரியம் என்று வைத்துக்கொண்டு துப்பாக்கிச் சூட்டை விட்டுவிட்டால் அது நிர்வாகத்தின் விளம்பரப் புத்தகம். அப்பா இரண்டையும் விடவில்லை. என் கணக்கில் அவர்தான் சரியான வரலாற்றாசிரியர்.

ஓய்வூதியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரயில்வேயில் ஓய்வூதியத் திட்டம் வந்தது 1957 நவம்பரில்தான். அதற்கு முன் வருங்கால வைப்பு நிதியோடு சரி. ஓய்வூதியம் கருணைத்தொகை அல்ல, உழைத்தவரின் உரிமை என்று நகாரா என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன நாள் 1982 டிசம்பர் 17. அந்த நாளைத்தான் ஓய்வூதியர்கள் தங்கள் தினமாக ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். நன்றி சொல்ல அல்ல, உரிமையை நினைவூட்ட. (அப்பாவின் பற்றில் ஓய்வுக்குப் பிறகும் கிடைக்கும் ரயில் பாஸுக்குக் கொஞ்சம் பங்கு இருக்கலாம். இருந்தால் என்ன?)

என் பெரிய மாமா வேறோர் ஊர்ப் பணிமனையில் பாய்லர் ஷாப் ஆள், அதாவது எஞ்சினின் நீராவிக் கொதிகலன் பிரிவு. அவரை ஒருமுறை ஒரு ரயில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். பழைய நீராவி எஞ்சின் ஒன்றின் முன் நின்று பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். கட்டிய ஆண்டு, கட்டிய நிறுவனம், எடை எல்லாம் இருந்தன. படித்து முடித்துவிட்டு, “உள்ளே ஆள் இருந்ததை எழுதவில்லையே” என்றார். எனக்குப் புரியவில்லை. அங்கேயே விளக்கினார், கூடம் முழுக்கக் கேட்கும்படி. இரும்புத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியைச் சிவக்கக் காய்ச்சி ஒருவர் இடுக்கியால் வீசுவார். இன்னொருவர் அதைப் பிடித்துத் துளையில் செருகுவார். வெளியே சம்மட்டி அறையும்போது பாய்லருக்கு உள்ளே ஒருவர் குந்தியபடி இரும்புக் கட்டையால் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஒல்லியாக இருந்ததால் மாமாவைத்தான் உள்ளே அனுப்புவார்களாம். மணியின் நாக்காக இருப்பது போல என்றார். நாற்பது வயதில் அவருக்குக் காது போய்விட்டது. மாமா கோபக்காரர் என்று நாங்கள் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் கத்தவில்லை, தன் குரல் தனக்குக் கேட்கும் அளவுக்குப் பேசினார் என்பது அன்றுதான் விளங்கியது. அந்தப் பலகையில் இன்னும் அந்த வரி இல்லை.

உங்கள் கூடத்தில் இருக்கும் எஞ்சின் படத்துக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர். கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரம் பிடித்து ஏறும் எஞ்சின்களில் பழையவை சுவிட்சர்லாந்தில் வின்டர்தூரில் செய்து வந்தவை. அகலப் பாதையில் நீராவி 1995இல் ஓய்ந்தது. அதன் பிறகு, 2011இல், பொன்மலை புத்தம்புதிதாக ஒரு நீராவி எஞ்சினைக் கட்டி நீலகிரிக்கு அனுப்பியது. உலகம் கைவிட்ட தொழில் அங்கே எப்படி உயிரோடு இருந்தது? வரைபடம் இருந்தால் மட்டும் பாய்லர் எழும்பாது. மலை எஞ்சின்கள் பழுதுபார்க்கப் பொன்மலைக்கு வந்துகொண்டே இருந்ததால் வித்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு நழுவாமல் போனது. அந்தக் கைகளில் ஒன்று உங்கள் வீட்டில் காபி தம்ளரைப் பிடித்திருக்கிறது.

நீங்கள் மூன்று நிறுவனங்கள் மாறியதில் தவறு ஏதும் இல்லை. உங்கள் துறையில் வேலையை விட்ட அன்று மாலையே நுழைவு அட்டை செயலிழந்துவிடும். திரும்பிப் பார்க்க அங்கே கதவே கிடையாது. அதற்காக, கதவு இருப்பவர்களைக் குறை சொல்ல வேண்டாம்.

ஒன்று செய்யுங்கள். “உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்” என்று அப்பாவிடம் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது. அந்தப் படத்தின் முன் நிறுத்தி ஏதாவது ஒரு பாகத்தைக் காட்டி இதை எப்படிக் கழற்றுவீர்கள் என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு ஓடிக்கொண்டிருக்கட்டும். வரும் செப்டம்பர் 5 அன்று அவருடன் சங்கத் திடலுக்கும் போய்வாருங்கள். அங்கே பாய்லர் ஷாப்காரர்கள் யாரையாவது சந்தித்தால் கொஞ்சம் உரக்கப் பேசுங்கள்.