கேள்வி – பதில்: ஜெல்லி ரோல் மார்ட்டன்

ஜாஸைக் கண்டுபிடிச்சதே நான்தான்னு பியானோக்காரர் ஜெல்லி ரோல் மார்ட்டன் சொன்னாராம், நெசமுங்களா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

சொன்னது நிஜம்தான். 1902-லேயே ஜாஸை உருவாக்கிவிட்டதாக 1938-ல் டவுன்பீட் பத்திரிகைக்கு எழுதினார். நியூ ஆர்லியன்ஸ் ஞானஸ்நானப் பதிவின்படி அவர் பிறந்தது 1890, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்! வாய்ச்சவடாலைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் ஆள் பெரிய ஆள். 1915-ல் வெளியான 'ஜெல்லி ரோல் புளூஸ்', அச்சேறிய முதல் ஜாஸ் உருப்படிகளில் ஒன்று. 1926-ல் பதிவான 'பிளாக் பாட்டம் ஸ்டாம்ப்' கேளுங்கள். எந்த வாத்தியம் எங்கே தனியாக வரும், குழு மொத்தமும் எங்கே சட்டென்று நிற்கும் என்பதெல்லாம் முன்பே தீர்மானித்தது.

மகள் 61 கட்டை கீபோர்டில் பழகுகிறாள். மார்ட்டன் மாதிரி இடது கை வருமுங்களா?
– வாசகி, பெருந்துறை

தாராளமாக வரும். பியானோவை விட அடிப்பக்கம் 15 கட்டை குறைவு. அந்த ஸ்வரங்களை மட்டும் ஒரு ஸ்தாயி மேலே வாசிக்கட்டும். கீபோர்டு முழுவதையும் ஒரு ஸ்தாயி மாற்றும் ஆக்டேவ் பட்டனை இறக்கினால் வலது கைக்கு மேலே இடம் பத்தாது. தானாகப் பக்கவாத்தியம் வாசிக்கும் 'ஸ்டைல்' ஓடக்கூடாது, ஓடினால் இடப்பக்கக் கட்டைகள் கார்டு (சேர்ந்தொலிக்கும் சில ஸ்வரங்கள்) பிடிக்கவே போய்விடும். விரலின் வேகத்துக்கேற்ப ஒலியைக் கூட்டிக் குறைக்கும் டச் ரெஸ்பான்ஸ் ஆனில் இருக்கட்டும்.

இடது கை முறை இதுதான்: நாலு தட்டில் 1, 3-க்கு அடி ஸ்வரம். 2, 4-க்கு நடு ஸ்தாயியில் கார்டு. தாவும் அவசரத்தில் கார்டு 'டங்'கென்று விழுந்து அடி ஸ்வரத்தை அமுக்கிவிடும். எல்லோருக்கும் வரும் கோளாறுதான். தட்டு எண்ணும் மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60-ல், முதலில் அடி ஸ்வரம் மட்டும், பிறகு கார்டு மட்டும், அப்புறம் சேர்த்து. ஒலியை நீட்டும் சஸ்டெய்ன் பெடலைத் தொடவே வேண்டாம், குழம்பிப்போகும்.

அது கைக்கு வந்ததும் அவர் 'ஸ்பானிய சாயல்' என்று சொன்ன தாளத்தைப் பிடிக்கலாம். எட்டு எண்ணிக்கையில் 1, 4, 7-ல் இடது கை வாசிக்கட்டும். நம் சொல்லில் தகிட தகிட தக. 5-லும் ஒன்று சேர்த்தால் ஹபனேரா என்ற கியூபா நடனத் தாளம். 1939-ல் அவர் பதிவுசெய்த 'தி கிரேவ்' (The Crave) இதற்கு நல்ல பாடம்.

நல்லா சம்பாதிச்சாருங்களா?
– வாசகர், பொள்ளாச்சி

1920-களில் நன்றாகவே. பிறகு இறங்குமுகம். அவருடைய 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' 1935-ல் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேன் குழு வாசித்து ஹிட் ஆனது. ஆனால் உரிமைத்தொகை வசூலிக்கும் அஸ்காப் சங்கத்தில் மார்ட்டனுக்கு இடம் கிடைத்ததே 1939-ல்தான். 1941 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார்.