பணம் இருந்தது, ஆலை ஏன் வரவில்லை?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் பிறந்தவன். ஓசூரில் மின் ஸ்கூட்டர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருக்கிறேன். உடன் வேலை பார்க்கும் கோவை நண்பர் ஒருவர், “உங்கள் ஊர்க்காரர்கள் பர்மாவில் சம்பாதித்ததையெல்லாம் வீடு கட்டியே தீர்த்துவிட்டார்கள். அந்தப் பணத்தில் பத்து ஆலை வைத்திருந்தால் நீ பிழைப்புக்கு இங்கே வந்திருக்க வேண்டாமே” என்று அடிக்கடி சீண்டுகிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. 2030க்குள் ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரம் என்று மாநில அரசு இலக்கு வைத்திருக்கிறது. அதில் செட்டிநாட்டுக்கு என்ன இடம்? பெரிய சிப்காட் தொழிற்பேட்டை ஒன்று வந்தால் நம் ஊர்கள் மாறிவிடுமா? பாட்டையா கட்டிய வீட்டில் எங்கள் பங்கைக் கொடுத்துவிடலாம் என்று அப்பச்சி (அப்பா) நினைக்கிறார்கள். அதைப் பற்றியும் எழுதினால் நல்லது.

தங்கள் வாசகன்,
ஓசூர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கோவை நண்பரின் கணக்கில் பாதிதான் சரி. பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியக் கண்ணாடியும் கப்பலில் வந்தன, அவற்றுக்கான விலை கப்பலேறிப் போனது. ஆனால் கூலி இங்கேதான் தங்கியது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுண்ணாம்புச் சாந்து பூசிய கொத்தனார், நிலைக்கதவு செதுக்கிய ஆசாரி, ஆத்தங்குடியில் தரைக்கல் வார்த்தவர், காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்தவர் எல்லோரும் அந்த வீடுகளையும் அவற்றில் நடந்த கல்யாணங்களையும் நம்பியே பிழைத்தார்கள். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத சீமையில் வீடு கட்டுவதுதான் பெருந்தொழிலாக இருந்தது. நண்பர் வீண்செலவு என்று சொல்வது நூறு கிராமங்களின் சம்பளப் பட்டுவாடா.

சரி, மிச்சப் பணம் எங்கே போனது? அது ஊருக்கு வந்து சேரவே இல்லை. நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் லேவாதேவி அமைப்பு அப்படி. முதலாளி ஊரில் இருப்பார். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற சம்பள ஆட்கள் கடல் கடந்து போய்க் கிட்டங்கி என்ற கடைவீட்டில் தங்கிக் கொடுக்கல் வாங்கலைப் பார்ப்பார்கள். மாதந்தோறும் ரங்கூன் முகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயிப்பார்கள். பங்காளியும் சம்பந்தியும் போட்ட பணம் ஐராவதி டெல்டாவின் நெல் விவசாயியிடம் போகும், அறுவடையில் திரும்பும், மறுபடியும் போகும். ஐந்தொகையில் (வரவு செலவுக் கணக்கில்) தான் அது செட்டிநாட்டுப் பணம். புழங்கியதெல்லாம் அங்கே.

1930இல் நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாதவர்களின் நிலம் கடன் கொடுத்தவர் பெயருக்கு மாறியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது, 1938இல் 25 பங்கு. (பர்மியர் வீடுகளில் இதே கதையைக் கேட்டால் அது நிலம் பறிபோன கதையாக இருக்கும். அதையும் நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.) 1942இல் ஜப்பானியர் வந்தார்கள். 1948இல் சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டம் கொண்டுவந்தது. நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்துக் கோவையில் ஆலைகள் பெருகிய அதே 1930களில், செட்டிநாட்டின் மூலதனம் பர்மா டெல்டாச் சேற்றில் சிக்கிக் கிடந்தது. உங்கள் நண்பர் கவனிக்க வேண்டியது இந்த வருடங்களை.

சுதாரித்துக்கொண்டவர்களும் உண்டு. கருமுத்து தியாகராஜர் மதுரையில் நூற்பாலை நடத்தினார். முருகப்பா குடும்பம் 1949இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிலைத் தொடங்கியது. கோட்டையூர் அழகப்பச் செட்டியாரின் ஜவுளி ஆலை திருச்சூர் அருகே எழுந்தது. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தார். தண்ணீர், துறைமுகம், மின்சாரம், பழகிய தொழிலாளர் இருக்கும் இடத்துக்கு முதல் போகும். பிறந்த ஊர் என்பதற்காக நட்டத்துக்கு ஆலை வைப்பவர் வியாபாரி ஆக மாட்டார்.

தண்ணீர் இல்லாததையே முழுக் காரணமாகச் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். சிவகாசியும் வறண்ட மண்தான். அங்கிருந்து இரண்டு பேர் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். கற்ற தொழில் தெருத்தெருவாகப் பரவியது, பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரக்கு கொடுத்தார். இங்கே உள்ளூர்க்காரருக்கு வேலை கொடுத்தோம், தர்மம் செய்தோம், பள்ளிக்கூடம் கட்டினோம். தொழில் செய்ய முதல் கொடுக்கும் பழக்கம் மட்டும் கடலுக்கு அப்பால் இருந்தது.

ஊருக்குள்ளேயே முதல் போட்டவர் என்று அழகப்பரைச் சொல்லலாம். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் திறக்கப்பட்டது. மின்கலம், அரிப்புத் தடுப்பு, முலாம் பூசுதல் என்று எழுபது வருடத்துக்கும் மேலாக அங்கே ஆய்வு நடக்கிறது. நீங்கள் ஓசூரில் ஸ்கூட்டருக்குள் வைத்துப் பூட்டுகிற பொருளைப் பற்றிய படிப்பு, உங்கள் பள்ளத்தூருக்குப் பக்கத்திலேயே. ஆனால் அந்த மதிலுக்கு வெளியே ஒரு மின்கலத் தொழில் வட்டாரம் உருவாகவில்லை. தகுதியான ஆள் கிடைத்தும், இடம் கிடைத்தும், பத்துப் பேரை வைத்துச் சோதித்துப் பார்க்க முதல் கொடுக்க எவரும் முன்வரவில்லை என்பதே என் எண்ணம். டிரில்லியன் டாலரில் நம் இடம் எது என்று கேட்டால் நான் முதலில் கைகாட்டுவது அந்த மதிலைத்தான்.

சிப்காட் வந்தால் வரட்டும், எனக்கு மறுப்பில்லை. காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது, மினி டைடல் என்ற சிறிய தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் அதிகம் குடிக்காத தொழிலாக இருக்க வேண்டும், கண்மாய்க்குக் கழிவு வரக் கூடாது. அவ்வளவுதான் என் நிபந்தனை.

அதைவிட எனக்குக் கவலை தருவது ஆத்தங்குடி. அங்கே கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தையும் உலோக அச்சையும் வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைப் பாத்தி பாத்தியாக ஊற்றுகிறார்கள். அதன் மேல் மணலும் சிமெண்டும். பிறகு தண்ணீரில் ஊறல், வெயிலில் உலர்த்தல். கண்ணாடி பிரியும்போது பளபளப்பு கல்லிலேயே தங்கிவிடும். சென்னையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆர்டர் வருகிறது. பட்டறைக்காரருக்குச் சிக்கல் வேறு இடத்தில். சிமெண்டுக்கும் சாயத்துக்கும் இன்று ரொக்கம் வேண்டும், கூலி சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும். வாங்குபவரோ சரக்கு இறங்கி, உடைந்ததைக் கழித்து, அதன் பிறகு பணம் அனுப்புவார். இடைப்பட்ட வாரங்களுக்கு வாரத்தவணைக் கடன். ஐராவதிக் கரை விவசாயிக்கு அறுவடை வரை பொறுத்த சீமையில், ஒரு கல் காயும்வரை பொறுத்திருக்கும் பணம் இல்லை!

கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான். தறிக்காரருக்கு நூல் வாங்க முதலை அது தராது.

வங்கிக்குப் போனால் பிணை கேட்பார்கள். பிணையாக இருப்பது வீடு. அந்த வீட்டில் எத்தனை புள்ளிகளுக்கு (மணமான குடும்பங்களுக்கு) பங்கு என்று எண்ணுவதற்குள் அதிகாரிக்கு மாறுதல் உத்தரவு வந்துவிடும். 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கும் இந்த ஊர்களில், கோடிகள் பெறும் கட்டடத்தின் மேல் ஒரு லட்சம் கடன் வாங்க முடியாது. ஆகவே பிரித்து விற்கிறார்கள். தூணும் நிலையும் பழம்பொருள் கடைகள் நிறைந்த காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வந்து லாரி ஏறுகின்றன. இடித்துப் பிரிப்பவருக்கு ஒரு வாரக் கூலி, அதோடு முடிந்தது.

உங்கள் அப்பச்சியின் பங்கு விஷயத்துக்கும் இதுதான் பதில். பங்கை மட்டும் கேட்டு வருபவர் பெரும்பாலும் மரத்துக்காக வருபவர். விடுதி நடத்துபவருக்கோ பயிற்சிப் பட்டறைக்கோ முகப்பையும் வளவையும் (உள்முற்றப் பகுதியையும்) நீண்டகாலக் குத்தகைக்கு விட முடியுமா என்று முதலில் பாருங்கள். முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வீடு உங்களுக்கு வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், வெள்ளைத்தாள் எழுத்து செல்லாது. எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட வேண்டும். முரண்டு பிடிக்கிற ஒருவர் எந்த வீட்டிலும் இருப்பார். அவரிடம் பேச அப்பச்சியை அனுப்புங்கள், ஓசூரிலிருந்து நீங்கள் போய் நின்றால் காரியம் கெட்டுவிடும்.