தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து கேப் டவுனுக்குச் சொந்தப் பாய்மரப் படகில் கரையோரமாகப் போவது ஆபத்தா? நம்மவர்கள் யாராவது போனதுண்டா?

இரண்டாவது கேள்விக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். போனதுண்டு. டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ் அண்ணாவின் 38 அடிப் படகில் நானும் போயிருக்கிறேன். நான் தூத்துக்குடிக்காரன், வேலைக்காக டர்பன் வந்தவன். மாலுமிச் சான்றிதழ் எதுவும் என்னிடம் இல்லை. கேப்டன்மார் யாராவது பாடம் எடுக்க வருவதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் படகு வாங்கிவிட்டீர்கள், லீவும் போட்டுவிட்டீர்கள், தேதி குறித்துக்கொண்டு கிளம்பப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தேதி குறிப்பதுதான் ஆபத்து. டர்பனை விட்டால் ஈஸ்ட் லண்டன் வரைக்கும் சுமார் 250 கடல் மைல். நடுவில் வைல்ட் கோஸ்ட். ஓடி ஒதுங்க ஒரு துறைமுகம் கிடையாது. வெளியே அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்காக, சில இடங்களில் நாலைந்து நாட் (மணிக்கு நாலைந்து கடல் மைல்) வேகத்தில் ஓடுகிறது. அதை எதிர்த்துத் தென்மேற்குக் காற்று பலமாக அடித்தால் அலை செங்குத்தாக எழும்பும். 20 மீட்டர் வரை எழும்பும் என்று பெரிய கப்பல்களையே எச்சரிக்கும் கடல் அது. 1909 ஜூலையில் 211 பேரோடு டர்பனை விட்டுப் போன வராட்டா கப்பல் இன்று வரை கிடைக்கவில்லை.

நாங்கள் காத்துக் கிடந்தபோது ஒரு காலையில் வெயிலும் வடகிழக்குக் காற்றும் அருமையாக இருந்தன. பக்கத்துப் படகுகள் இரண்டு கிளம்பின. எனக்குக் கால் நிற்கவில்லை. அண்ணா காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டரைக் காட்டினார். முள் முந்தின நாளிலிருந்தே இறங்கிக்கொண்டிருந்தது. "இறங்கி நின்னு ஏற ஆரம்பிச்சா தென்மேற்கு வந்துடும் தம்பி, நிமிஷக் கணக்குதான்" என்றார். அன்று ராத்திரி வந்தது. கட்டிப்போட்ட படகில் நின்றே பேச முடியவில்லை, கயிறுகள் அப்படி அலறின. போன படகுகளில் ஒன்று பெரிய பாய் கிழிந்து திரும்பி வந்தது.

தென்மேற்கு ஓய்ந்து, முள் மேலேறி 1020 மில்லிபாரை ஒட்டி நின்ற பிறகுதான் நாங்கள் கிளம்பினோம். உம்கேனி ரோடு கோயில் திருநீற்றை அண்ணா சுக்கானில் பூசினார். அடுத்த வடகிழக்குக் காற்று முதுகில் ஏறியதும் படகு ஆறு நாட் ஓட, ஜி.பி.எஸ். பத்தைக் காட்டியது. நீவாடு (நீரோட்டம்) கூட வந்தால் அப்படித்தான், ஊரில் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். மறுநாள் முள் சரிந்த வேகம் அண்ணாவுக்குப் பிடிக்கவில்லை. உடனே 200 மீட்டர் ஆழக் கோட்டுக்கு உள்ளே, கரைப் பக்கமாகத் திருப்பினார். அங்கே நீரோட்டம் மெலிந்துவிடும். காற்று திரும்பியபோது பாயைச் சுருக்கி முடித்திருந்தோம். அடியும் உதையும்தான், ஆனால் அலை உடைந்து எங்கள் மேல் விழவில்லை. ஈஸ்ட் லண்டன் போய் பஃபலோ ஆற்றுக்குள் நுழைந்ததும் அண்ணா தெரிந்த தேவாரம் இரண்டு வரியை உரக்கப் பாடினார்.

"கோழைகள், நாங்கள் எந்தக் காற்றிலும் போவோம்" என்று கீழே யாராவது எழுதுவார்கள். போங்கள். உங்களை மீட்க வரும் என்.எஸ்.ஆர்.ஐ. (தேசியக் கடல் மீட்பு அமைப்பு) ஆட்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வழியில் ஒரு துறைமுகத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்த அண்ணாவிடம் ஒருவர் வந்து, "முதலாளி எங்கே, எத்தனை மணிக்கு வருவார்?" என்று கேட்டார். அண்ணா பதில் சொல்லாமல் முடிச்சைப் போட்டு முடித்தார். எனக்கு இன்றும் ஆறவில்லை. அவருடைய தாத்தா டர்பன் விரிகுடாவில் வலை இழுத்தவர். ஒப்பந்தக் கூலிக் காலம் முடிந்து, கரும்புத் தோட்டத்துக்குத் திரும்ப மாட்டோம் என்று சாலிஸ்பரி தீவில் மீன்பிடித்து வாழ்ந்த ஜனம் அது. பிற்பாடு அங்கிருந்தும் அப்புறப்படுத்தினார்கள். 1980களில்கூட இந்த ஊர்க் கடற்கரையில் 'வெள்ளையர் மட்டும்' என்று பலகை நின்றது. இதையெல்லாம் மறந்துவிட்டு நம் ஆட்களே கல்யாண வீட்டில் "படகெல்லாம் வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு, நமக்கெதுக்கு?" என்கிறார்கள். 1860-இல் ட்ரூரோ கப்பலில் மெட்ராஸிலிருந்து கடல் கடந்து வந்து இறங்கியவர்கள் வேறு யாராம்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரிலிருந்து கோடைக்குள் (இங்கே கோடை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை) போங்கள். ஒரேயடியாக கேப் டவுன் என்று நினைக்காமல் ஈஸ்ட் லண்டன், போர்ட் எலிசபெத் (இப்போது கெபெர்ஹா), மோசல் பே என்று துறைமுகம் துறைமுகமாகப் போங்கள், ஒவ்வொன்றிலும் அடுத்த நல்ல வானிலை இடைவெளிக்குக் காத்திருங்கள். படகு எத்தனை அடி, கூட வருவது யார், பாரோமீட்டர் இருக்கிறதா என்று கீழே எழுதுங்கள். செல்போன் செயலியை மட்டும் நம்பியிருக்கிறீர்கள் என்றால் முதலில் ஒரு பாரோமீட்டர் வாங்குங்கள்.