அந்த இரண்டு பேருக்கு என்ன கொடுத்தீர்கள்?

கேள்வி: அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். மொத்தம் 18 பேர், அதில் 7 பேர் பெண்கள். கணக்கும் பில்லிங்கும் பார்த்துவந்த பெண் பிரசவ லீவில் போனார். சம்பளம் அதிகம் என்பதால் அவருக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு கிடையாது. 26 வாரச் சம்பளத்தையும் நான்தான் கொடுத்தேன். அவர் வேலையை ஆபீசில் இருக்கும் மற்ற இரண்டு பெண்கள் தினமும் இரவு எட்டு மணிவரை உட்கார்ந்து எப்படியோ சமாளித்துவிட்டார்கள். சமத்துவம் என்று சட்டம் போடுகிறவர்களுக்கு எங்கள் கஷ்டம் எங்கே தெரிகிறது? இனிமேல் புதிதாகக் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அல்லது இரண்டு வருடத்துக்குக் குழந்தை வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளலாமா? என் மனைவி இது பாவம் என்கிறார். நான் நினைப்பது தவறா?
- பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, உங்களைப் போன்ற முதலாளிகளின் கடிதம் எனக்குப் புதிதில்லை. எல்லோரும் 26 வாரம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் "எப்படியோ சமாளித்துவிட்டார்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசுவோம்.

மாற்று ஆள் யாரையும் எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. எடுத்திருந்தால் அந்தச் செலவைத்தான் முதலில் சொல்லியிருப்பீர்கள். லீவில் போனவர் போகாமலே இருந்திருந்தாலும் அந்த ஆறு மாதச் சம்பளம் கொடுத்துத்தான் இருப்பீர்கள். வேலையும் நடந்துவிட்டது. அப்படியானால் உங்கள் பெட்டியிலிருந்து கூடுதலாகப் போன ரூபாய் எவ்வளவு? நீங்களே கணக்குப் பாருங்கள். கூடுதலாகப் போனது அந்த இரண்டு பெண்களின் சாயங்காலங்கள்தான். எட்டு மணிக்கு ஆபீசை விட்டுக் கிளம்பினால் வீட்டுக்குப் போய்ச் சமைத்து, பிள்ளைகளின் நோட்டைப் பார்த்து, எத்தனை மணிக்குப் படுத்திருப்பார்கள்? அவர்களுக்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று கடிதத்தை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தேன். ஒரு வரி இல்லை. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது, நேற்று வந்த சமத்துவச் சட்டம் கொண்டுவந்தது இல்லை.

இதன் விளைவையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையைப் பெற்றுவிட்டு அவர் திரும்பி வரும்போது அந்த இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். உங்கள்மேல் வர வேண்டிய கோபம் அந்தப் பச்சை உடம்புக்காரிமேல் போகும். அப்புறம் நீங்களே, "பெண்களுக்குள் ஒற்றுமை கிடையாது" என்று நாலு பேரிடம் சொல்வீர்கள்.

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2017-இல், முதல் இரண்டு பிரசவத்துக்கு, 12 வாரத்தை 26 வாரமாக உயர்த்தினார்கள். அது நல்ல காரியம். ஆனால் இ.எஸ்.ஐ.யில் வராதவர்களுக்கு முழுப் பணத்தையும் முதலாளி தலையிலேயே கட்டினார்கள். ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் அது தெரியாது, 18 பேர் இடத்தில் வலிக்கும். பேறுகாலப் பணத்துக்குத் தனி ஒரு முதலாளியைப் பொறுப்பாக்கக் கூடாது, காப்பீட்டிலிருந்தோ அரசு நிதியிலிருந்தோ கொடுக்க வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1952-இலேயே சொல்லிவிட்டது. செலவு ஒருவர் தலையில் விழுந்தால் அவர் பெண்களையே ஒதுக்கப் பார்ப்பார். உங்கள் கடிதமே அதற்குச் சாட்சி. உங்கள் சங்கத்தில் பேசுங்கள், எம்.பி.யிடம் மனு கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் கோபத்தை வேலை கேட்டு வருகிற பெண்ணிடம் ஏன் காட்டுகிறீர்கள்?

அதுவும் எத்தனை பேருக்காக இந்தப் பயம்? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்து இ.எஸ்.ஐ.யில் இருக்கும் பெண்ணுக்கு அந்த 26 வாரப் பணத்தை இ.எஸ்.ஐ. கழகமே கொடுக்கும். உங்கள் 7 பேரில் அந்த வரம்பைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? ஒருவரா, இருவரா? அதற்காகக் கல்யாணமான அத்தனை பெண்களுக்கும் கதவைச் சாத்துவீர்களா?

எழுதி வாங்குகிற விஷயம். செய்யாதீர்கள். சட்டம் கொடுத்த உரிமையை எந்த ஒப்பந்தத்தாலும் பறிக்க முடியாது, அந்தக் காகிதம் கிழித்துப் போடத்தான் லாயக்கு. ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஒரு காலத்தில் வேலைக்குச் சேரும் பெண்களிடம் மாதவிலக்கு, கர்ப்பம் பற்றியெல்லாம் படிவத்தில் கேட்டது. தகவலை மறைத்தார் என்று ஒரு பெண்ணை வேலையை விட்டும் எடுத்தது. 1991-இல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னதோடு அந்தக் கேள்விகளையும் நீக்கச் சொன்னது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி. பெண் என்பதற்காக வேலைக்கு எடுக்காமல் ஒதுக்கக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டமே சொல்லிவிட்டது.

பிள்ளை பெறுவது அவரவர் சொந்த விஷயம், அதற்கு நான் ஏன் அழ வேண்டும் என்கிற பேச்சு எனக்குப் பிடிக்காது. நாளைக்கு உங்கள் மெஷினில் நிற்கப் போகிறவனும், உங்கள் பெட்டியை வாங்கப் போகிறவனும், யாரோ ஒருத்தி ராத்திரி கண் விழித்து வளர்க்கிற பிள்ளைதான். பெற்றவளுக்கு ஆறு மாதம் கொடுப்பதைத் தர்மம் என்று நினைக்க வேண்டாம், அது கடன்.

அந்தக் கடன் அப்பனுக்கும் உண்டு. உங்கள் 11 ஆண்களில் ஒருவருக்குக் குழந்தை பிறந்தால் எத்தனை நாள் விடுகிறீர்கள்? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள் உண்டு, தனியாரில் சட்டப்படி ஒன்றும் இல்லை. நீங்களாகவே கொடுத்துப் பாருங்கள். கல்யாணமான பெண்ணைப் பார்த்ததும் செலவு என்று நினைக்கிற புத்தி கொஞ்சம் மாறும்.

இப்போது செய்ய வேண்டியது: இந்த மாதச் சம்பளத்தோடு அந்த இரண்டு பேருக்கும் ஆறு மாத ஓவர்டைமைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். அடுத்த முறை யார் லீவில் போனாலும் தற்காலிகமாக ஓர் ஆளைப் போடுங்கள். பாக்கிக் கணக்கு எழுத ஆபீசில் ஆளைத் தேடாதீர்கள். நீங்களே உட்காருங்கள், எட்டு மணி ஆனாலும்.